ரூபி ஏன் அழுதாள்

அகிலன்,

சுகமா என்று கேட்டுத் தொடங்கினால் இதை மடித்து வைத்துவிடுவாய். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கெய்லா ரூபியைக் கூட்டிக்கொண்டு டப்போவிலிருந்து சிட்னிக்கு வருகிறாள். ரூபி இங்கே போய்வந்த சிறுவர் நிலையத்தில், வருகிற வருடம் பள்ளிக்கூடம் தொடங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கொண்டாட்டம். இடையில் விட்டுப்போனவள் என்றாலும் அவளையும் அழைத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல கெய்லா உனக்கு மெசேஜ் போட்டாளாம், பதில் இல்லையாம். எனக்கும் நீ பதில் போடுவதில்லை, அவளுக்கு எங்கே போடப்போகிறாய். நீங்கள் சிட்னியை விட்டு அவ்வளவு தூரம் வெரிபீக்கு வீடு வாங்கிப் போன நாளிலிருந்து ரெலிபோனில் நிலானியின் குரல்தான் கேட்கிறது. பின்னால் கிரிக்கெட் ஓடுகிற சத்தம் வரும். நீ அதே அறையில்தான் இருக்கிறாய் என்று விளங்கும். "இவர் இப்பத்தான் வெளியில போனவர் மாமா" என்று அவள் சொல்லுவாள். நானும் ஓம் என்பேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கோர்ட்டுக்குக் கொடுக்க இருந்த கடதாசியில் நான் கையெழுத்து வைக்கவில்லை என்பதற்காகத்தான் நீ என்னோடு கதைப்பதை விட்டாய். இன்றைக்கு மறுபடி அதை என் முன்னால் நீட்டினாலும் வைக்கமாட்டேன். ஆனால் ஏன் என்பதை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. அன்றைக்கு இருவரும் கத்தினோம், அதோடு சரி. இப்போது என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். இன்னும் கொஞ்சக் காலம் போனால் எழுத நினைத்தாலும் முடியாது. அதனால் நீ பாதி கண்டதையும், காணாததையும் சேர்த்து எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். கடைசிவரை வாசி.

ரூபி வந்தபோது தவழக்கூடத் தொடங்கவில்லை. தாய் சிறுநீரக வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிறகு போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இறந்தவர்களின் பெயரைத் தங்கள் ஆட்கள் சொல்வதில்லை, எழுதவேண்டாம் என்று கெய்லா கேட்டுக்கொண்டாள், அவளுடைய அக்கா அல்லவா. "சோர்ட் ரேர்ம்", கொஞ்சக் காலம் வைத்து வளர்க்க மட்டும் என்று அரசாங்கத்தின் கேஸ்வேர்க்கர் உங்களிடம் சொல்லித்தான் பிள்ளையைத் தந்தாள். அந்தச் சொல் எனக்கு நல்ல ஞாபகம். உங்களுக்கும் ஞாபகம் இருந்திருக்கும், முதல் சில மாதங்கள். பிறகு அவள் பல் முளைத்து, நடந்து, நிலானியை அம்மா என்றும் உன்னை அப்பா என்றும் என்னை அப்பப்பா என்றும் கூப்பிடத் தொடங்கிய பிறகு, வெஸ்ட்மீட்டில் நம் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. உன் அம்மா போன பிறகு அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது அந்தப் பிள்ளைதான்.

ரூபி பூர்வகுடிப் பிள்ளை, அதனால் கிழமையில் இரண்டு நாள் அவளை அந்த மக்களே நடத்துகிற சிறுவர் நிலையத்துக்கு அனுப்பவேண்டும் என்று கேஸ்வேர்க்கர் சொன்னபோது உனக்குப் பிடிக்கவில்லை. "பக்கத்திலயே நல்ல சென்ரர் இருக்கு. எழுத்து, எண் எல்லாம் இப்பவே சொல்லிக் குடுக்கினம். ஏன் பிளாக்டவுன் தாண்டி அவ்வளவு தூரம்?" என்றாய். நீயும் நிலானியும் வேலைக்குப் போகிறவர்கள், நான் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. அதனால் பிள்ளையை ஏற்றி இறக்குவது என் வேலையாயிற்று. முதல் நாட்களில் அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே காருக்குள் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கண்ணாடியில் தட்டுகிற சத்தம். நிலையத்தை நடத்துகிற அம்மா. எல்லோரும் அவளை அன்ரி ஜோய்ஸ் என்பார்கள். நம் ஆட்களைப் போலவே அவர்களும் மூத்தவர்களை அன்ரி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "எங்களை வேவு பார்க்கிறியா, இல்லாட்டி தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தேத்தண்ணி என்றேன். அதற்குப் பிறகு நான் காருக்குள் இருந்ததில்லை.

நீ அந்த நிலையத்துக்கு வந்தது இரண்டோ மூன்றோ தரம். நான் இரண்டு வருடத்துக்கு மேல் அதன் பின்முற்றத்தில் இருந்தவன். காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, "வராமி" என்று சொல்லித் தொடங்குவார்கள். சிட்னியின் இந்தப் பகுதி தருக் மக்களின் மண், அவர்கள் மொழியில் அது வணக்கம். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் மொப் யார் என்று சொல்லவேண்டும். மொப் என்றால் தன் சனம், தன் ஆட்கள். மூன்று வயதுப் பொடியன் ஒருவன் எழும்பித் தன் ஊர், தன் ஆறு, தன் பாட்டன் பெயர் எல்லாம் கடகடவென்று சொல்லுவான். ரூபியின் முறை வந்தபோது அவள் திரும்பி என்னைக் காட்டி "அப்பப்பா" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வருகிற வழியில், பின் இருக்கையிலிருந்து அவள் கேட்டாள். "அப்பப்பா, என்ர மொப் எங்க இருக்கினம்?" மோட்டர்வேயில் ஒரு லொறி போனது. அதைக் காட்டிப் பேச்சை மாற்றினேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "நாங்கள்தான் எண்டு சொல்லுங்கோ அப்பா, இதில யோசிக்க என்ன இருக்கு?" என்றாய். நிலானி பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

குடும்ப நாள் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அதற்குப் பிறகு நீ அந்த நிலையத்துக்குள் கால் வைக்கவில்லை. சுவர் நிறைய ஒரு பெரிய துணி. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தங்கள் இடத்தைத் தீட்டவேண்டும். ரூபியின் பெயருக்குப் பக்கம் வெறுமையாக இருந்தது. நிலானி அழகாகக் கோலம் போடுவாள், தூரிகையை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனாள். அன்ரி ஜோய்ஸ் மெதுவாக வந்து, "அதுக்குப் பக்கத்தில போடு மகளே. அங்க நிறைய இடம் இருக்கு. இந்த இடம் அவளுடைய ஆட்கள் வரும்வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். நிலானி பக்கத்தில் போட்டாள். நீ வெளியே போய் நின்றாய். "அவையள் வரவே இல்லையே அப்பா, பிள்ளையைப் பார்த்துக்கொண்டது நாங்கள்" என்று என்னிடம் சொன்னாய். அது நியாயம்போல்தான் எனக்கும் பட்டது, அன்றைக்கு.

ஆனால் அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அக்கா போனபோது கெய்லாவுக்கு இருபது வயதுகூட இல்லை. தோழிகளோடு ஒரு அறையில் இருந்தாள். பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்டபோது, வீடு வேண்டும், நிலையான வேலை வேண்டும் என்றார்களாம். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை எடுத்தாள், வாடகைக்கு வீடு எடுத்தாள், மறுபடி கேட்டாள், பொறு என்றார்கள், மறுபடி கேட்டாள். நாங்கள் வெஸ்ட்மீட்டில் ரூபியின் முதலாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது அவள் டப்போவில் ஏதோ ஒரு அலுவலகத்தின் வாசலில் நின்றிருக்கிறாள். இதை அவள் எனக்குக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னாள்.

அவள் முதன்முதல் நிலையத்துக்கு வந்தபோது ரூபி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கெய்லா கிட்டே வரவில்லை. தூக்கவும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. போய் மணலில் உட்கார்ந்து, விரலால் வளைந்து வளைந்து ஒரு கோடு கீறத் தொடங்கினாள். கனநேரம் கீறினாள். ரூபி என் காலை விட்டாள். பிறகு ஒரு அடி, பிறகு இன்னும் ஒன்று. "என்ன அது?" என்று கேட்டாள். "எங்கட ஆறு" என்றாள் கெய்லா. அதன் பெயரையும் சொன்னாள், வம்பூல் என்று. ரூபி வெட்கப்பட்டால் இடது புருவத்தைத் தேய்ப்பாள் அல்லவா, அந்தப் பெண்ணும் அதேபோல் புருவத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகன், அதைப் பார்த்ததும் எனக்குள் என்ன வந்தது தெரியுமா? சந்தோசம் என்று நினைக்காதே. இவளை எங்களிடமிருந்து எடுக்கப்போகிறார்கள் என்ற பயம். நீ பயப்படத் தொடங்குவதற்கு முன்னமே நான் பயப்பட்டுவிட்டேன்.

அடுத்த தடவைகளில் கெய்லா கண்ணைக் காட்டி "மில்" என்பாள், தங்கள் விராஜுரி மொழியில். ரூபி திருப்பிச் சொல்லுவாள். பிறகு தானாகவே கெய்லாவின் கண்ணைத் தொட்டு, "கண்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். கெய்லா "கன்" என்பாள். ரூபி தலையில் அடித்துக்கொண்டு, "அப்பிடி இல்லை, கண்!" என்பாள், அச்சு அசல் நிலானியின் குரலில். அன்ரி ஜோய்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விடுவாள்.

அழுகை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கெய்லா வந்து போகிற நாளெல்லாம் ரூபி காரில் அழுதுகொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. அதை நீ கண்டாய், நிலானி கண்டாள். "அவளைக் கண்டா பிள்ளை பயப்பிடுது" என்று நீ முடிவு செய்தாய். நான் முதல் நாளே சொன்னேன், அப்படி இல்லை என்று. நீ கேட்கிற நிலையில் இருக்கவில்லை. கெய்லா ரூபியைத் தன்னோடு எடுக்கக் கோர்ட்டில் கேட்டிருந்தாள், நீ எதிர்த்து நிற்க லோயர் பிடித்திருந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீ குசினி மேசையில் கடதாசியை வைத்தாய். என் பெயரில் லோயர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பிள்ளை வீடு வரும்வரை அழுதாள், சாப்பிட மறுத்தாள் என்று அதில் இருந்தது.

"இதில பொய் எங்கயாவது இருக்கா அப்பா?" என்று கேட்டாய்.

"பொய் இல்லை."

"அப்ப சைன் பண்ணுங்கோ."

"ஏன் அழுதவள் எண்டு இதில இல்லை."

"அது உங்கட எண்ணம். கோர்ட்டுக்கு நீங்கள் கண்டது மட்டும் போதும்."

"அவள் வாயால சொன்னதை நான் காதால கேட்டனான் மகன். கெய்லா போகக்கூடாது, கெய்லா எங்களோட வரவேணும் எண்டுதான் அழுதவள். ஒவ்வொரு முறையும் அதுதான்."

"மூண்டு வயசுப் பிள்ளை! பொம்மையை விட்டுட்டு வந்தாலும் அழும். நீங்கள் ஆர்ற பக்கம்?"

அப்போதுதான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நிலானி பைப்பை மூடிவிட்டுத் திரும்பினாள். ஈரக் கையோடு என் முன்னால் வந்து நின்று, "மாமா, நீங்கள் சைன் பண்ணாட்டி அவளைக் கொண்டுபோயிடுவினம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நீ கத்தியதெல்லாம் என்னை அசைக்கவில்லை. நிலானி சொன்னது அசைத்தது. நான் பேனாவை எடுத்தேன். உனக்குத் தெரியும், எடுத்தேன். அடுத்த அறையில் ரூபி நித்திரையில் இருந்தாள். கையெழுத்து வைத்துவிட்டால் அவள் எழும்பி வந்து என் மடியில் ஏறுவாள், நாளைக்கும் ஏறுவாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வசனத்தை மறுபடி வாசித்தபோது, ஒரு பெண் தன் அக்காவின் பிள்ளையிடம் அன்பாக இருந்ததையே அவளுக்கு எதிரான சாட்சியாக்க என் கை உதவப்போகிறது என்று தெரிந்தது. ஒரு காலத்தில் ரூபி வளர்ந்து இதை வாசிப்பாள் என்றும் நினைத்தேன். பேனாவை வைத்தேன். நீ கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாய்.

பிறகு பிள்ளைக்கென்று நியமித்த லோயர் என்னிடம் வந்து கேட்டாள். நான் உனக்கு எதிராகச் சாட்சி சொன்னேன் என்று நீ நினைக்கிறாய். அவளிடம் என்ன சொன்னேன் என்று ஒருநாளும் நீ கேட்கவில்லை. நிலானியின் கையைப் பிடிக்காமல் ரூபி நித்திரைகொள்ள மாட்டாள் என்று சொன்னேன். காய்ச்சல் வந்தால் உன் நெஞ்சில்தான் கிடப்பாள் என்று சொன்னேன். இவர்களைவிட நல்ல தாய் தகப்பனை அவளுக்கு யாரும் தேடியிருக்க முடியாது என்று சொன்னேன். காரில் ஏன் அழுதாள் என்பதையும் சொன்னேன். அந்த லோயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பரமட்டா கோர்ட்டில் பிள்ளை கெய்லாவிடம் போகவேண்டும் என்று தீர்ப்பு வந்தபோது நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. கெய்லா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நேரே நிலானியிடம் போய், "அவளை உடனே கொண்டுபோக மாட்டேன். அவளுக்கு எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள்" என்றாள். சொன்னபடியே பல மாதம் சிட்னிக்கும் டப்போவுக்கும் அலைந்தாள்.

ரூபி டப்போவுக்குப் போகிற கடைசி நாள், நிலைய வாசலில் அவளை இறக்கிக் கொஞ்சிவிட்டு நீ போய்விட்டாய். உன்னால் நிற்க முடியவில்லை, அதில் பிழை இல்லை. ஆனால் நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நிலானி உனக்குச் சொல்ல முயன்றாளாம், நீ கையை உயர்த்தி நிறுத்திவிட்டாயாம். அதை இப்போது நான் சொல்கிறேன்.

கெய்லா போனை எடுத்து நிலானியிடம் நீட்டினாள். ரூபியை நித்திரையாக்கப் பாடுகிற பாட்டைப் பாடு, பதிந்துகொள்கிறேன் என்றாள். நிலானியால் பாட முடியவில்லை. தொடங்குவாள், குரல் உடையும். மூன்றாம் தரமோ நாலாம் தரமோதான் முடிந்தது. பிறகு கெய்லா என்னிடம் வந்து, தண்ணி என்றால் என்ன, நோகுது என்றால் என்ன, அவள் இரவில் கேட்கிற சொற்கள் என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லிப் பழகினாள். நான் கேட்டேன், "இதெல்லாம் உனக்கு எதுக்குப் பிள்ளை? அவள் இனி உங்கட பாஷை படிக்கட்டுமே." அவள் இல்லை என்று தலையாட்டினாள். "என் ஆச்சி பள்ளிக்கூடத்தில தன் பாஷையைக் கதைச்சதுக்கு அடி வாங்கினவள். அவளுடைய வாயிலிருந்து அதை அப்படித்தான் பிடுங்கினார்கள். என் வீட்டில ஒரு பிள்ளையின் வாயிலிருந்து நான் எதையும் பிடுங்கமாட்டேன்." நான் அடுத்த சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன்.

நான் சில மாதத்துக்கு ஒரு தரம் ரயிலில் டப்போ போய்வருகிறேன், நிலானி சொல்லியிருப்பாள். ரூபி நெடுத்துவிட்டாள். விராஜுரி சொற்கள் எனக்கு விளங்காத வேகத்தில் வருகின்றன. தமிழ் குறைந்துவிட்டது, ஆனால் போகவில்லை. கெய்லாவின் வீட்டுச் சுவரில் அவளுடைய மாமன்மார், பெரியம்மாமார் படங்களோடு உங்கள் கல்யாணப் படமும் இருக்கிறது. சுகமாக இருக்கிறாளா என்று நீ கேட்டால், ஓம், சுகமாக இருக்கிறாள். அதைக் கேட்கத்தான் உனக்குப் பயம் என்று நினைக்கிறேன். அவள் அங்கே வாடிக் கிடந்தால் நீ சொன்னது சரியாகிவிடும். அவள் நன்றாக இருப்பதை நேரில் பார்ப்பது உனக்கு இன்னும் கஷ்டம். அது கஷ்டம்தான் மகன். ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிற ரயிலில் நான் அதை அனுபவிக்கிறேன்.

உனக்கு நான் புத்தி சொல்லி நீ கேட்ட வயதெல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ அவளை வளர்த்ததை எந்தக் கோர்ட்டும் இல்லை என்று சொல்லவில்லை. நீயாகத்தான் அதை இல்லாமல் செய்துகொண்டிருக்கிறாய்.

நிலானி வருகிறாள். பிளேனுக்கு ரிக்கெற் எடுத்துவிட்டாள். உனக்குத் தானே சொல்வதாகச் சொன்னாள், சொல்லிவிட்டேன் என்று நேற்றுப் போன் பண்ணினாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை இன்று தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை காலையில் ரூபி முதலில் என் வீட்டுக்குத்தான் வருவாள். வந்ததும் வீடெல்லாம் ஓடி, ஒவ்வொரு அறையாகப் பார்ப்பாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா எங்க?" என்று கேட்பாள். போன முறையும் கேட்டாள். அப்போது, அப்பாவுக்கு வேலை என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை அப்படிச் சொல்லமாட்டேன். "அப்பாவுக்கு வர விருப்பம் இல்லை" என்று உள்ளதைத்தான் சொல்லவேண்டியிருக்கும். அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு வழிதான் உண்டு. அவள் வரும்போது நீ அந்த வீட்டுக்குள் இருக்கவேண்டும்.

அப்பா